கலைந்ததா, கலைத்தாளா?

தமிழில் ஒரு பெண்ணைக் குற்றவாளியாக்க ஒரேயொரு மெய்யெழுத்துப் போதும். 'கரு கலைந்தது' என்றால் அது தானாக நடந்தது. 'கருவைக் கலைத்தாள்' என்றால் அது அவள் செய்தது. 'ந்' போய் 'த்' வந்தால் தன்வினை பிறவினையாகும் என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தமிழ் ரீச்சர் படிப்பித்தார். எங்கள் சனங்களுக்கு இந்த இலக்கணம் என்றைக்குமே ஏறியதில்லை. கர்ப்பிணிப் பெண்ணொருத்திக்கு இரண்டு சொட்டு இரத்தம் பட்டால் போதும். கரு கலைவதற்கு முன்னமே, பல வேளைகளில் கலையாமலே, 'இவள் என்னத்தைச் செய்தாள்?' என்று விசாரணைக் கமிஷன் கூடிவிடும்.

அந்தக் கமிஷனைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். 'இது பொம்பிளையளின்ரை விசயம்' என்று ஆண் வாசகர்கள் எழும்பிப் போய்விட வேண்டாம். கமிஷனில் பாதிப்பேர் நீங்கள்தான். மீதிப்பேர் உங்கள் அம்மாமார்.

முதலில் வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் சப்கோரியோனிக் ஹெமட்டோமா. வயிற்றில் கருவைச் சுற்றி கோரியன் என்றொரு சவ்வு இருக்கிறது. அந்தச் சவ்வுக்கும் கருப்பைச் சுவருக்கும் நடுவில் இரத்தம் கசிந்து தேங்கி நிற்பதுதான் இது. முழங்காலில் அடிபட்டால் கண்டிப்போகிறதே, அதைப்போல உள்ளே ஒரு கண்டல். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் ஏறத்தாழ நான்கு பெண்களில் ஒருத்திக்கு ஏதோவொரு அளவில் இரத்தம் படுகிறது. ஸ்கான் செய்து பார்த்தால் அடிக்கடி தட்டுப்படுவது இந்தக் கண்டல்தான். சிறிய கண்டலை உடம்பு தானாகவே உறிஞ்சிவிடும். சிலருக்கு வாரக்கணக்கில் வழியும். முதலில் சிவப்பாக, பிறகு பழைய இரத்தம் மண்ணிறமாக. கண்டல் பெரிதென்றால் ஆபத்தும் கூட, ஆகவே திரும்பத் திரும்ப ஸ்கான் செய்து கவனிக்க வேண்டும். பெரும்பாலான பெண்களுக்கு இது கரைந்து போய்ப் பிள்ளை பிறந்துவிடும்.

இது ஒருத்திக்கு ஏன் வருகிறது, மற்றவளுக்கு ஏன் வரவில்லை என்பதற்கு வைத்தியத்திடம் திட்டமான பதில் இல்லை. வைத்தியம் பதில் சொல்லாத இடத்தில்தான் எங்கள் கமிஷன் கதிரை போட்டு உட்காருகிறது.

எனக்கு அது 2004 ஆம் ஆண்டு மாசி மாதம் வந்தது. பத்தாவது வாரம். நியூ ஜேர்சியில், மிடில்செக்ஸ் கவுண்டியில், ஒரு ஏஜென்சி மூலமாக வெயர்ஹவுஸ் ஒன்றில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அகதி வழக்கு நிலுவையில் இருந்தது. கையில் வேலை அனுமதி இருந்தது, மருத்துவக் காப்புறுதி இல்லை. ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஐந்து மணித்தியாலம் காத்திருந்தேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். ஓம் என்றேன். தொலைபேசியில் இந்தி பேசும் ஒருவரைப் பிடித்துத் தந்தார்கள். எனக்கு இந்தி தெரியாது. எனக்கும் அவருக்கும் இருந்த ஒரே பொதுமொழி என்னுடைய அரைகுறை ஆங்கிலம்தான். ஸ்கான் எடுத்த பெண்பிள்ளை வாயே திறக்கவில்லை. டொக்ரர்தான் சொல்லவேண்டும் என்பது அவர்களுக்குச் சட்டமாம். டொக்ரர் வர இன்னும் ஒரு மணித்தியாலம் ஆயிற்று. இதயம் துடிக்கிறது, பக்கத்தில் இரத்தக் கண்டல் இருக்கிறது, ஒரு வாரத்தில் திரும்ப வா என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

கையில் தந்த கடதாசியில் நோயின் பெயர் 'த்ரெட்டன்ட் அபோர்ஷன்' என்று இருந்தது. கரு கலையக்கூடிய ஆபத்து இருக்கிறது என்பதற்கு மேல் அதற்கு ஒரு பொருளும் இல்லை. ஆங்கில வைத்தியப் புத்தகத்தில் தானாகக் கலைந்தாலும் அபோர்ஷன், கலைத்தாலும் அபோர்ஷன். தமிழில் இருக்கிற அந்த ஒரு மெய்யெழுத்து வித்தியாசமும் அங்கே கிடையாது. எனக்கோ 'த்ரெட்டன்ட்' என்ற சொல் வேறு இடத்தில் பழக்கம். என்னுடைய அகதி மனுவில் வக்கீல் பதினொரு இடத்தில் அதை எழுதியிருந்தார். மனுவில் என்னை மிரட்டியது இராணுவம். ஆஸ்பத்திரிக் கடதாசியில் என்னை மிரட்டியது என் சொந்த வயிறு. இப்படித்தான் அன்றிரவு அதை நான் வாசித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கமிஷன் கூடியது. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா: "பிள்ளை, பப்பாசி கிப்பாசி திண்டனியோ? அன்னாசி திண்டனியோ?" மாசிப் பனியில் நியூ ஜேர்சியில் எனக்கு யார் பப்பாசி தருவார்? மாமி: "மருமோள், கனக்கத் தூக்கினனியோ? படியாலை ஏறினனியோ?" நாங்கள் குடியிருந்தது மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை. ஏறாமல் பறந்தா வருவது? கணவரின் தமையன் கனடாவிலிருந்து எடுத்து, நேரே என்னோடு கதைக்க வெட்கப்பட்டு, தம்பியிடம் கேட்டார்: "நீங்கள் ரெண்டு பேரும் கவனமா இருந்தனீங்களோ?"

மாமிக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. கர்ப்பிணி என்றால் மங்கலம். இரத்தம் என்றால் துடக்கு. இரண்டும் ஒரே உடம்பில் ஒரே நாளில் வந்தபோது சாத்திரம் அவரைக் கைவிட்டுவிட்டது. சாமிப்படத்துக்கு முன்னால் நான் விளக்கேற்றலாமா கூடாதா என்று தீர்மானிக்க முடியாமல் ஒரு வாரம் தவித்தார். கடைசியில், கூடாது என்று தீர்ப்பு வந்தது. எனக்காக நேர்த்தி வைத்தவரும் அவர்தான், என்னை விளக்கைத் தொடாதே என்றவரும் அவர்தான். மாமி கெட்டவர் அல்ல. அவர் படித்த பாடம் அப்படி.

எங்களுடைய இன்னொரு கெட்டித்தனம், மூன்று மாதம் முடியும்வரை வெளியில் சொல்லக்கூடாது என்பது. நாவூறு பட்டுவிடுமாம். இந்த இரத்தம் வருவதே பெரும்பாலும் அந்த மூன்று மாதத்துக்குள்தான். அதாவது ஒருத்திக்கு ஆள் உதவி எப்போது தேவையோ, சரியாக அப்போது பார்த்து வாயைக் கட்டிவிடுகிறோம். சொல்லாத கர்ப்பத்தின் இழப்பையும் சொல்ல முடியாது. அடுத்த கிழமை பிறந்தநாள் பார்ட்டியில் சேலை கட்டிக்கொண்டு சிரிக்கவேண்டும்.

மகள் பிறந்தாள். ஏழு வாரம் வழிந்து, பிறகு நின்று, அந்த ஆவணியில் சுகமாகப் பிறந்தாள். இதை நான் பாடுபட்டுச் சாதித்ததாக எழுதப் போவதில்லை. ஏனென்றால் 2007 இல் இன்னொரு கரு கலைந்தது. அந்த முறை நான் வேலைக்குப் போகவில்லை. கீழ்வீட்டுக்கு மாறியிருந்தோம். கனத்தது எதையும் தூக்கவில்லை. ஒரு சொட்டு இரத்தம்கூட முன்னறிவிப்பாக வரவில்லை. ஸ்கானில் துடிப்பு இல்லை, அவ்வளவுதான். கமிஷன் அப்போதும் கூடி, அதே கேள்வியைத்தான் கேட்டது.

இந்த இடத்தில் 1995 ஐச் சொல்லியாக வேண்டும். ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் முழுக்க நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தது. அந்த மழையில் நடந்த இலட்சக்கணக்கான சனத்தில் எத்தனை கர்ப்பிணிகள் என்று யாரும் எண்ணவில்லை. என்னுடைய சின்னம்மா அதில் ஒருத்தி. மூன்றாம் மாதம். சின்னம்மா தையற்காரி. தையல் மெசினின் தலையைக் கழற்றி, சாக்கில் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தார். கைதடியில் இரத்தம் பட்டது. பழஞ்சீலையைக் கிழித்து வைத்துக்கொண்டு சாவகச்சேரி வரைக்கும் நடந்தார். அடுத்த வருடம் பிள்ளை பிறந்தது. நாங்கள் அடைந்து கிடந்த அதே பள்ளிக்கூட வகுப்பறையில் இன்னொரு பெண் இருந்தார். அவரைக் கணவர் சைக்கிள் கரியரில் இருத்தி, உருட்டியே கொண்டுவந்தார். ஒரு பையைக்கூட அவர் தூக்கவில்லை. அவருடைய கரு நின்றிருக்கவில்லை.

இரண்டு பேரின் கதை நிரூபணம் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் இதைக் கண்ணால் பார்த்த சனம்தான் இன்றைக்கு எடிசனிலும் ஃப்ரீமொண்டிலும் இருந்துகொண்டு, வோல்மார்ட்டில் பால் கலன் தூக்கியதால்தான் பிள்ளை நிற்கவில்லை என்று தீர்ப்பெழுதுகிறது. இதே சனம் மறுபக்கமும் பேசும்: 'நாங்கள் இடம்பெயர்ந்து நடந்தே பிள்ளை பெத்தனாங்கள், இவளவைக்கு ஒரு சொட்டு இரத்தத்துக்கு இவ்வளவு நாடகம்.' ஒரே வாய், ஒரே நாளில், இரண்டும் பேசும். இரண்டிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: பிழை அவளுடையது.

நிரூபணம் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. கட்டிலில் அசையாமல் கிடந்தால் கரு தங்கும் என்பதற்கு ஆதாரம் உண்டா என்று கொக்ரேன் ஆய்வாளர்கள் 2005 இல் அலசிப் பார்த்தார்கள். போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் மகப்பேற்று வைத்தியர் சங்கமும் கட்டில் ஓய்வை வழக்கமான சிகிச்சையாக இப்போது பரிந்துரைப்பதில்லை. நெடுநாள் அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்துத்தான் மிச்சம். முதல் மூன்று மாதத்தில் கலைந்துபோகும் கருக்களில் ஏறத்தாழப் பாதி, குரோமோசோம் கோளாறால் கலைகின்றன. அது கரு உண்டாகும்போதே எழுதப்பட்டுவிடும். பிறகு தூக்கிய பெட்டிக்கும் ஏறிய படிக்கும் அதில் பங்கில்லை.

2019 இல் பிரித்தானியாவில் பிரிசம் என்ற ஆய்வு வெளிவந்தது. 48 ஆஸ்பத்திரிகளில், கர்ப்பத்தின் தொடக்கத்தில் இரத்தம் பட்ட 4,153 பெண்கள். பாதிப்பேருக்குப் புரோஜெஸ்டரோன், பாதிப்பேருக்கு வெறும் போலி மருந்து. மருந்து எடுத்தவர்களில் 75 வீதமானவர்களுக்குப் பிள்ளை பிறந்தது. போலி மருந்து எடுத்தவர்களில் 72 வீதம். ஏற்கெனவே கரு கலைந்தவர்களுக்கு மட்டும் மருந்து ஓரளவு உதவியது. ஆகவே அப்படிப்பட்டவர்களுக்குக் கொடுக்கலாம் என்று 2021 இல் அந்த நாட்டு வழிகாட்டி நெறி வந்தது. நான் உங்களைப் பார்க்கச் சொல்வது அந்த 72 ஐ. இரத்தம் பட்டு, ஒரு மருந்தும் இல்லாமல், நூறு பேரில் எழுபத்திரண்டு பேர் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். என்னுடைய அந்த ஏழு வாரத்தில் இப்படியொரு எண்ணை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நான் சில இரவுகளாவது நித்திரை கொண்டிருப்பேன்.

வைத்தியர்களும் கமிஷனுக்கு வெளியே நின்றவர்கள் அல்லர். இதே அமெரிக்காவில், கரு தங்கும் என்று சொல்லி டிஈஎஸ் என்ற செயற்கை ஹோர்மோனை இலட்சக்கணக்கான பெண்களுக்குக் கொடுத்தார்கள். அது பயனில்லை என்று சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வு 1953 இலேயே காட்டியது. ஆனாலும் எழுதிக் கொடுப்பது நிற்கவில்லை. அந்தத் தாய்மாரின் பெண்பிள்ளைகளுக்கு இளவயதில் அரிதான பிறப்புறுப்புப் புற்றுநோய் வருவது 1971 இல் தெரியவந்த பிறகுதான் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அரசாங்கம் எச்சரித்தது. 'ஏதாவது செய்யவேண்டும்' என்ற அவசரம் எங்கள் வீட்டுக் குசினியில் மட்டும் பிறந்ததல்ல.

'கட்டில் ஓய்வு பயனில்லை என்றால், லீவு எதற்கு? வேலைக்கே போகலாமே' என்று கெட்டிக்கார முதலாளி ஒருவர் கேட்கலாம். என்னுடைய ஏஜென்சி கேட்டது. பதில் சொல்கிறேன். லீவு கருவுக்கான மருந்து என்று நான் சொல்லவில்லை. மணிக்கொருதரம் பாட் மாற்றுகிற, அடிவயிறு பிடித்து இழுக்கிற, ஒவ்வொரு முறையும் கழிவறைக்குள் பயந்து பயந்து குனிந்து பார்க்கிற மனிதர் ஒருவருக்கு அது வேண்டும். அந்த மனிதரின் பெயர் தாய்.

இந்த நாட்டில் அது கிடைப்பதும் கிடைக்காததும் நீங்கள் எந்த மாநிலத்தில் இறங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. நியூ ஜேர்சியில் தற்காலிக இயலாமைக் காப்புறுதிச் சட்டம் 1948 இலிருந்து இருக்கிறது. டொக்ரர் எழுதிக் கொடுத்தால், உங்கள் சம்பளத்தில் பிடிக்கிற அந்தக் காசிலிருந்து உங்களுக்கே கொடுப்பார்கள். கலிபோர்னியாவில் 1946 இலிருந்து இருக்கிறது. பே ஏரியாவில் ஐந்து பேர் வேலை செய்கிற கொம்பனி என்றாலும் கர்ப்பகால இயலாமைக்கு நான்கு மாதம் வரை விடுப்பு உண்டு. ரெக்சாஸில் அப்படியொரு மாநிலக் காப்புறுதியே கிடையாது. 1993 ஆம் ஆண்டின் மத்திய சட்டம் பன்னிரண்டு வாரம் தரும். ஆனால் சம்பளமில்லாமல், அதுவும் குறைந்தது ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் ஒரு வருடம் வேலை செய்திருந்தால். 2023 ஜூன் 27 இலிருந்து கர்ப்பிணித் தொழிலாளர் நியாயச் சட்டம் நாடு முழுக்க நடைமுறையில் இருக்கிறது. பதினைந்து பேர் வேலை செய்யும் இடமென்றால், பாரம் தூக்காத வேலை, கதிரை, கழிவறைக்குப் போக நேரம் இவற்றையெல்லாம் கேட்க உரிமை உண்டு. எத்தனை தமிழ்ச் சங்கங்கள் இதைத் தமிழில் ஒரு துண்டுப் பிரசுரமாக அடித்திருக்கின்றன? ஆண்டுவிழா மலருக்கு மட்டும் அறுபது பக்கம் வழவழப்புத் தாள்.

இனி ரெக்சாஸ். இதை எழுதத் தூண்டியதே அங்கிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்புத்தான். எச்-4 விசாவில் இருக்கிற பிள்ளை. எட்டாவது வாரம், இரத்தம். ஆஸ்பத்திரிக்குப் போனால் கடதாசியில் 'அபோர்ஷன்' என்று எழுதிவிடுவார்கள், பிறகு கிரீன் கார்ட்டுக்குப் பிரச்சினை வரும் என்று கணவரின் நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை இரண்டு நாளாக வீட்டிலேயே படுத்திருந்தது.

ஆகவே தெளிவாக எழுதுகிறேன். இரத்தம் படுவது குற்றமல்ல. கரு கலைவது குற்றமல்ல. ரெக்சாஸின் கருக்கலைப்புத் தடை கர்ப்பிணிப் பெண்ணைத் தண்டிப்பதில்லை. தானாகக் கலைந்து இறந்துவிட்ட கருவை அகற்றுவது கருக்கலைப்பு ஆகாது என்று அந்த மாநிலச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இந்த வதந்தி வானத்திலிருந்து விழவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2021 செப்ரெம்பர் 1 இல், ஏறத்தாழ ஆறாவது வாரத்துக்குப் பிந்திய கருக்கலைப்புக்கு உதவியவர் மீது யாரும் வழக்குப் போட்டுக் குறைந்தது 10,000 டொலர் கேட்கலாம் என்ற சட்டம் அங்கே வந்தது. 2022 ஓகஸ்ட் 25 இலிருந்து ஏறக்குறைய முழுத்தடை. மீறும் டொக்ரருக்கு ஆயுட்சிறை வரைக்கும் தண்டனை, குறைந்தது 100,000 டொலர் அபராதம், லைசென்ஸ் பறிப்பு. பெண்ணைத் தண்டிக்காத சட்டம், அவளைத் தொடவேண்டிய கையை நடுங்க வைத்தது.

2023 ஜூனில், எங்கள் ஆட்கள் நிறைய வாழ்கிற ஹூஸ்டன் பக்கத்து சுகர்லாண்டில், போர்ஷா ந்குமேசி என்ற 35 வயதுத் தாய் பதினொரு வாரக் கர்ப்பத்தோடு, இரத்தப்போக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு முறை இரத்தம் ஏற்றினார்கள். கருப்பையைச் சுத்தம் செய்கிற டி அன்ட் சி சிகிச்சைக்குப் பதிலாக மாத்திரை கொடுத்தார்கள். அவர் இறந்துபோனார். இரண்டு ஆண்பிள்ளைகள். ப்ரோபப்ளிகா பத்திரிகை 2024 இல் இதை வெளிக்கொண்டு வந்தபோது, கோப்புகளைப் பார்த்த வைத்தியர்கள், அந்தச் சிகிச்சையைச் செய்திருந்தால் அவரைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள். ஒஸ்டினில் அமண்டா சுராவ்ஸ்கிக்கு 2022 இல் பதினெட்டாவது வாரத்தில் பன்னீர்க்குடம் உடைந்தது. பிள்ளை தப்பாது என்று தெரிந்தும், துடிப்பு இருக்கிறது என்று காத்திருக்கச் சொன்னார்கள். இரத்தத்தில் கிருமி ஏறிச் சாவின் விளிம்புக்குப் போய் வந்தார். அவரும் மற்றப் பெண்களும் போட்ட வழக்கை மாநில உச்ச நீதிமன்றம் 2024 மே 31 இல் நிராகரித்தது. இவ்வளவும் நடந்த பிறகுதான், 2025 ஜூனில், தாயின் உயிருக்கான விலக்கைத் தெளிவுபடுத்துகிறோம் என்று ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

எங்கள் பக்கத்து உதாரணமும் உண்டு. கர்நாடகத்துப் பல்வைத்தியர் சவிதா ஹலப்பனாவர் அயர்லாந்தின் கால்வேயில் 2012 ஒக்ரோபர் 28 இல் இறந்தார். பதினேழு வாரம், கரு கலைந்துகொண்டிருந்தது, துடிப்பு நிற்கும்வரை ஒன்றும் செய்யமாட்டோம் என்றார்கள். அயர்லாந்துக்காரர் வெட்கப்பட்டார்கள். 2018 மே 25 வாக்கெடுப்பில் 66.4 வீதம் பேர் அந்தத் தடையைத் தூக்கி எறிந்தார்கள். இலங்கையில் இன்றைக்கும் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303 ஆம் பிரிவுதான். வெள்ளைக்காரன் போய்விட்டான், அவனுடைய சந்தேகம் மட்டும் எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறது.

ரெக்சாஸ் சட்டசபைக்கும் எங்கள் மாமிமாருக்கும் மொழி வேறு, மதம் வேறு. ஆனால் இரத்தத்தோடு வருகிற பெண்ணைக் கண்டதும் இருவருக்கும் முதலில் தோன்றுவது ஒரே கேள்வி: கலைந்ததா, கலைத்தாளா? அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை அவள் இரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது.

கடைசியாகக் கொஞ்சம் வேலைக்காகும் விசயங்கள். ஒரு மணித்தியாலத்தில் இரண்டு பெரிய பாட் நனைந்து, அது இரண்டு மணித்தியாலம் தொடர்ந்தால் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும். தலைச்சுற்று, காய்ச்சல், ஒரு பக்கத்து வயிற்றில் கடும்வலி, தோள்மூட்டு நோ என்றால் பாட் எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே போகவேண்டும். காப்புறுதி இல்லையென்றாலும், விசா இல்லையென்றாலும், அவசரப் பிரிவு உங்களைப் பரிசோதித்து ஆபத்து நீக்கவேண்டும் என்பது 1986 ஆம் ஆண்டிலிருந்து மத்திய சட்டம். இரத்த வகை நெகட்டிவ் என்றால் அதைச் சொல்லுங்கள், ஊசி தேவைப்படலாம். பன்னிரண்டு வாரத்துக்கு முன் அது அவசியமா என்பதில் இப்போது கருத்து மாறிவருகிறது, டொக்ரர் தீர்மானிப்பார். 1968 இல் வந்த அந்த ஊசியை உருவாக்கியதில் இங்கே ராரிட்டனில் இருந்த ஆய்வுகூடத்துக்குப் பெரிய பங்குண்டு. பிரிட்ஜ்வோட்டர் கோயிலுக்குப் போகிற வழியில் நீங்கள் கடந்து போகிற அதே ராரிட்டன்தான்.

கமிஷன் உறுப்பினர்களுக்கு ஒரேயொரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படியொரு தொலைபேசி வந்தால் 'என்ன செய்தனி?' என்று கேட்காதீர்கள். 'சாப்பிட்டனியோ? நான் வரட்டோ? கடையிலை ஏதும் வாங்கி வரட்டோ?' என்று கேளுங்கள். ஆண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். டாம்பொன் வாங்க வேண்டாம், இந்த நேரத்தில் அது கூடாது. இரவுக்கென்று போட்டிருக்கும் பெரிய பாட் இருக்கும், அதைப் பார்த்து இரண்டு பெட்டி வாங்குங்கள்.